கொடும்பாவிக்கு வந்த முகம்

கண்மாய் காய்ந்து, அதில் கிரிக்கெட் ஆடி ஆடி அதுவும் சலித்துப்போய்ப் பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்கிவிட்ட ஒரு புரட்டாசிக் கடைசியில், வெள்ளூரணி என்ற கரிசல் ஊரில், பஞ்சர் கடைக் கோட்டைச்சாமி கட்டிய கொடும்பாவிக்குத் தன்னால் ஒரு முகம் வந்தது என்பதையும், அந்த முகம் அதே வாரம் அதே ஊருக்குப் பாராட்டு விழாவுக்காக வந்திறங்கிய பொருளாதார மேதை டாக்டர் இருளப்பனின் முகமாக இருந்தது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நடுவில் நிறுத்தி, அதெப்படி வரும் என்று யாரும் கேட்கக் கூடாது. வந்தது, அவ்வளவுதான்.

கொடும்பாவி என்றால் கட்சிக்காரர்கள் முச்சந்தியில் எரிக்கிறார்களே, அது இல்லை. மழை அடம்பிடிக்கிற வருஷத்தில், எங்கோ ஒரு பெரும்பாவி ஒளிந்திருக்கிறான், அவன் தொலைந்தால்தான் வானம் இளகும் என்று வைக்கோலில் ஓர் ஆளைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டுத் தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் தலையை விரித்துப்போட்டு மாரடித்து வாயில் வந்தபடி வைது, கண்மாய்க் கரையில் கொண்டுபோய்க் கொளுத்துகிற சங்கதி இது. அதற்கு வேட்டியும் கிடையாது, சேலையும் கிடையாது, உடம்பெல்லாம் சாக்குதான். தலைக்கு ஒரு மண்கலயம், அதன் மேல் சுண்ணாம்பு, கரியால் ரெண்டு கண்ணு, ஒரு வாய். யார் சாயலும் அதில் தட்டக் கூடாது. "சாயல் தட்டுச்சுன்னா மழ வராது, கேசுதான் வரும்" என்பார் கோட்டைச்சாமி. அவருக்குத் தெரியும், எல்லாக் கட்சிக்கும் கொடும்பாவி கட்டிக் கொடுக்கிற கை அது.

அந்தக் கை அன்றைக்கு ஒழுங்காகத்தான் கரியைப் பிடித்தது. சாயங்காலம் பார்த்தபோது கலயம் கலயமாக இருந்தது. காலையில் பார்த்தால், லேசாகத் தொங்குகிற இடது இமை, மூக்கோரத்து மச்சம், கண்ணாடி போட்டுப் போட்டு மூக்குத்தண்டில் விழுந்த பள்ளம் உட்பட டாக்டர் இருளப்பன் சாக்கைப் போர்த்திக்கொண்டு ரேஷன் கடைச் சுவரில் சாய்ந்திருந்தார். பஸ் ஸ்டாப்பில் கட்டியிருக்கிற ஃப்ளெக்ஸைப் பார்த்துப் பார்த்து கை பழகிவிட்டது என்று கோட்டைச்சாமி கலயத்தை உடைத்து வேறு கலயம் வைத்தார். அதற்கும் அதே முகம் வந்தது. சுண்ணாம்பே பூசாமல் வைத்தார், கருப்பாக அதே முகம் வந்தது. கடைசியில் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து வைத்ததற்கு, பச்சை நிறத்தில், அதே முகம். சலித்துப்போய் மறுபடியும் மண்கலயத்தையே வைத்துச் சுண்ணாம்பு பூசி விட்டுவிட்டார்.

ஊருக்குப் பெரிய மானப் பிரச்சினையாகிவிட்டது. நம்ம ஊர்ப் பிள்ளை, கடல் தாண்டிப் போய்ப் பேர் வாங்கி, அந்த நாட்டுக்காரன் கையால் பதக்கம் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான், அவனைப் போய் இப்படிச் சாக்கைச் சுற்றிச் சுவரோரம் உட்கார வைத்திருக்கிறோமே என்று ஊரே கூசியது. பிரசிடெண்ட் முத்திருளாண்டி ஒரு தட்டில் ஆப்பிளும் வெற்றிலை பாக்கும் வைத்து, நாலு பெரிய மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு இருளப்பன் தங்கியிருந்த அவருடைய அக்கா சீனியம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"அய்யா மன்னிக்கணும். எங்க கைவேலை இல்லீங்க. தன்னால வருதுங்க. அழிச்சா மறுபடி வருது. நீங்க தப்பா எடுத்துக்கிறக் கூடாது."

"ச்சே ச்சே, இதிலென்ன இருக்கு, பரவாயில்லை" என்றார் இருளப்பன். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய காது மடல் ரெண்டும் சுட்டது. ஊர் அவர் முன்னால் கூசி நிற்கிறது, கூச வேண்டியவன் நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிளை வாங்கிக்கொள்கிறான். அந்த முகம் ஏன் வந்தது என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அவர் என்ன வேலை பார்த்துப் பேர் வாங்கினார் என்பது யாருக்கும் சரியாகப் பிடிபட்டதில்லை. சீனியம்மாள் மட்டும் தனக்குத் தெரிந்தபடி சொல்லுவாள்: "மிளகாய்க்கு வெல சொல்றவன் யாவாரி. மிளகா வெல ஏறுமா எறங்குமான்னு ரெண்டு பேரு பந்தயம் கட்டுறான்னு வச்சுக்க, அந்தப் பந்தயத்துக்கு வெல சொல்றவன் எந்தம்பி." உள்ளபடிக்கு அவ்வளவுதான். மதுரையில் படித்து, டெல்லியில் படித்து, பனி கொட்டுகிற ஊரில் படிப்பித்து, கோதுமையைத் தொடாமல் கோதுமைப் பந்தயத்துக்கும், எண்ணெயை மோந்து பார்க்காமல் எண்ணெய்ப் பந்தயத்துக்கும், டாலரின் மீது கட்டிய பந்தயத்தின் மீது கட்டிய இன்னொரு பந்தயத்துக்கும் இன்றைக்கு என்ன விலை நியாயம் என்று கணக்குப் போட்டுச் சொல்லி, அந்தக் கணக்குக்கு இருளப்பன் சூத்திரம் என்றே பேராகி, அதைப் பரீட்சையில் எழுதத் தெரியாமல் உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஃபெயிலாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவரிடம் மழை வந்தது.

மழை என்றால் மழை இல்லை, மழை மேல் ஒரு ஒப்பந்தம். விவசாயி ஒரு தொகை கட்ட வேண்டும், மழைமானியில் இன்ன அளவுக்குக் கீழே மழை பதிவானால் கம்பெனி அவனுக்குப் பணம் தரும். யார் வயலையும் பார்க்க வேண்டாம், யார் கண்ணீரையும் துடைக்க வேண்டாம், மானி சொன்னால் போதும். வெள்ளூரணிச் சீமைக்கு இதற்கு விலை சொல்ல வேண்டும் என்று ஒரு கம்பெனி அவரைக் கேட்டது. மானியை வெள்ளூரணியில் வைத்துக் கணக்குப் போட்டால், அங்கே மழை பொய்க்காத வருஷமே அபூர்வம் என்பதால், விலை யாரும் வாங்க முடியாத உயரத்துக்குப் போனது. அப்போது கம்பெனிக் கூட்டத்தில் ஒருவர் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே வரைபடத்தில் மலையடிவாரத்துத் தோப்புக்காட்டை விரலால் காட்டி, இங்கே ஒரு மானி ஏற்கெனவே இருக்கிறதே, இதை வைத்துக்கொண்டால் என்ன என்றார். அந்த மலை மழை தென்னந்தோப்பைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு நாளும் எட்டிப் பார்க்காது என்பது கரிசக்காட்டில் பிறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். இருளப்பனுக்குத் தெரியாதா? தெரியும். கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. அவர் தண்ணீர் குடித்தார். "இரண்டு இடத்து மழையும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்வோம்" என்றார்.

அந்தத் தொழிலில் "என்று வைத்துக்கொள்வோம்" என்பது பிள்ளையார் சுழி மாதிரி, அதைப் போடாமல் எந்தக் கணக்கும் தொடங்காது. அதனால் யாரும் திடுக்கிடவில்லை. விலை அழகாக இறங்கியது. கம்பெனி நோட்டீசு அடித்தது, நோட்டீசில் இருளப்பன் படத்தைப் போட்டது, ஊர்க்காரர்கள் நம்ம பிள்ளை போட்ட கணக்கு என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தயங்கினவர்கள் வீட்டுக்கெல்லாம் சீனியம்மாள் நடையாக நடந்தாள். "எந்தம்பி பொய் சொல்ல மாட்டான், போடுங்க கையெழுத்த" என்று வாசலில் உட்கார்ந்துகொள்வாள், போட்டால்தான் எழுந்திருப்பாள். பிறகு வந்த வருஷமெல்லாம் வெள்ளூரணியில் புழுதி பறந்தது, அடிவாரத்தில் மானி நிரம்பி வழிந்தது, கம்பெனியிடமிருந்து ஒரு தம்பிடி வரவில்லை. ஊர் இருளப்பனைக் கோபிக்கவில்லை. "அவரு என்னய்யா செய்வாரு, அங்கிட்டுப் பேஞ்சிருச்சு" என்று அவருக்காக வருத்தப்பட்டது. அந்த வருத்தத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இப்படியிருக்க, கொடும்பாவியோடு ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. ரேஷன் கடைக்கு வருகிற பெண்கள் அதைக் கண்டதும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் "குட்மார்னிங் சார்" சொல்லிவிட்டுப் போனார்கள். வெயில் படுகிறதே என்று யாரோ தலையில் துண்டைப் போட்டார்கள், யாரோ செல்ஃபி எடுத்தார்கள், டீக்கடைக்காரர் முதல் கிளாஸை அதன் முன்னால் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்து விற்றார், அந்தக் கிளாஸுக்குப் போட்டி ஏற்பட்டது. எல்லாம் சரி, கொடும்பாவியை இழுத்தாக வேண்டுமே! ஐப்பசி பிறந்துவிட்டது. முதல் மழைக்கு விதை விழாவிட்டால் அந்த வருஷம் போன வருஷங்களோடு சேர வேண்டியதுதான். சீனியம்மாளுக்கு அதுதான் கடைசி வருஷம். இதுவும் பொய்த்தால் நிலத்தைச் சோலார்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, திருப்பூரில் மகன் குடியிருக்கிற ஒற்றை அறைக்குப் போய்விடுவதாக அவளே வாயைத் திறந்து சொல்லியிருந்தாள்.

அவள் வாய் சாதாரண வாய் இல்லை. சுற்றுப்பட்டியில் கொடும்பாவி இழுத்தால் வைவதற்கு அவளைத்தான் வண்டி வைத்துக் கூட்டிப்போவார்கள். அவள் ஆரம்பித்தால்தான் மற்றப் பெண்களுக்கு வாய் திறக்கும். அவளே இந்த முகத்தைப் பார்த்துக் கையை விரித்துவிட்டாள்.

"எங்காத்தா போனப்ப இடுப்புல தூக்கி வச்சுச் சோறூட்டுன மூஞ்சிய்யா இது. இதப் பாத்து நாசமாப் போன்னு எப்படிய்யா சொல்லுவேன்?"

"மரியாதையாவே வைவமேக்கா" என்றார் பிரசிடெண்ட்.

சிரிக்கக் கூடாது, நிஜமாகவே அப்படித்தான் செய்தார்கள். தரையில் இழுக்க மனசு வராமல் கொடும்பாவியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து டிராக்டர் டிப்பரில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, குடை பிடித்து, "நாசமாப் போங்க அண்ணே", "மண்ணாப் போயிருங்கய்யா", "உங்களுக்கு நல்ல சாவே வரக் கூடாதுங்க" என்று பெண்கள் மாரில் படாமல் மாரடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் வைதபடியே தெருவைச் சுற்றி வந்தார்கள். மேற்கே ஒரே ஒரு மேகம் எழுந்து வந்து, இந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனது. கரையில் கொளுத்த யாருக்கும் கை எழவில்லை. மறுபடியும் ரேஷன் கடைச் சுவருக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இருளப்பன் சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. இறங்கிப் போய், அந்த முகம் சரியான முகம்தான், இழுங்கடா தெருவில் என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம், ஊரே சேர்ந்து மனசார வைதால் மழை வந்துவிடும் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. விலை சொல்லவே பிறந்தவர், அந்த ஒரு வார்த்தைக்கு என்ன விலை என்று படுத்தும் நடந்தும் யோசித்தார். பதக்கம் போகும், சூத்திரத்தின் பெயர் போகும், ஃப்ளெக்ஸ் கிழியும், எல்லாம் போகட்டும், இவர்கள் தன்னைப் பார்த்துக் கும்பிடுகிற அந்தக் கும்பிடும் போகும். அங்கேதான் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிடுவது என்று போனார், மைக்கைக் கொடுத்தார்கள், நீர் மேலாண்மை பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம் சீனியம்மாள் சுளகில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, எதிரே தரையில் வந்து உட்கார்ந்து, ஊரிடம் சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொன்னார். மானியை மாற்றியதை, பிஸ்கட்டை, தண்ணீர் குடித்ததை, வைத்துக்கொள்வோம் என்றதை, ஒன்று விடாமல் சொன்னார்.

சீனியம்மாளின் கை நின்றது.

"அப்ப அங்கிட்டுப் பேயும், இங்கிட்டுப் பேயாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

வாயைத் திறந்தால் சுற்றுப்பட்டியே அதிரும் என்று பேர் வாங்கினவள், அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் வந்தது, அதையும் சுளகு நனைந்துவிடாமல் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"நான் வீடு வீடாப் போயி உக்காந்தேனடா தம்பி" என்றாள் கடைசியில். "கருப்பாயி மாட்டேன்னுதான் சொன்னா. காதுல கெடந்ததக் கழட்ட வச்சு கட்ட வச்சேன்."

"அக்கா..."

"வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல. உன்கிட்டத்தான்."

"சொல்லாத" என்று எழுந்து போய், அவருக்குச் சோறு போட்டாள்.

இருளப்பன் சாப்பிட்டார். நெஞ்சிலிருந்து கல் இறங்கின மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

மறுநாள் வாசல் தெளிக்கிற நேரத்துக்குச் சீனியம்மாள் ரேஷன் கடைப் பக்கம் வந்ததைக் கோட்டைச்சாமி பார்த்தார். கொடும்பாவியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளைக்கு மூஞ்சி துடைக்கிற மாதிரி முந்தானையால் அந்தக் கலயத்தைத் துடைத்தாளாம். "நீ போயிப் படுத்துக்க சாமி, நான் நின்னுக்கிறேன்" என்றாளாம், ரேஷன் வரிசையில் நிற்கிறவனை மாற்றிவிடுகிற குரலில். அவள் எழுந்து போனதும் இவர் போய்ப் பார்த்தால், ஒடுங்கின கன்னமும் பாம்படம் இழுத்த காதுமாகக் கலயத்தில் சீனியம்மாளின் முகம் இருந்தது.

ஊருக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. "கோளாறு சரியாயிருச்சுங்கய்யா!" என்று பிரசிடெண்ட் இருளப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னார். மன்னிப்புக் கேட்டு யாரும் சீனியம்மாள் வீட்டுக்குத் தட்டுத் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஆப்பிள் என்ன, ஒரு வெற்றிலைகூட வரவில்லை. கயிறுதான் வந்தது.

இந்தத் தடவை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டிப்பர் வேண்டாம், குடை வேண்டாம், கழுத்தில் கயிற்றைப் போட்டுத் தரதரவென்று இழுத்தார்கள். "ங்க" போட்டு வைத பெண்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை வார்த்தை வந்ததோ! "வாசல்ல வந்து சப்பணம் போட்டு உக்காந்தவளே, உன் கால் வெளங்குமா? எங்காதை மூளியாக்குனவளே, உன் நாக்கு அழுகாதா? எம்பிள்ளையப் பொழப்புக்கு நாடு கடத்துனவளே, நீ நாதியத்துப் போக!" என்று, இத்தனை வருஷம் யாரை வைவது என்று தெரியாமல் தொண்டைக்குள் கிடந்ததெல்லாம் புழுதியோடு கிளம்பியது. எட்டாத உயரத்தில் இருப்பவனைக் கும்பிட்டுவிட்டுக் கைக்கு எட்டினவளைப் பிடித்துக்கொண்டது ஊர். அத்தனை குரலுக்கும் முன்னால், தலையை விரித்துப்போட்டு, மாரில் அறைந்து அறைந்து, தன் முகத்தைத் தானே பார்த்து, சுற்றுப்பட்டி கேட்டிராத வசவெல்லாம் வைதுகொண்டு போனாள் சீனியம்மாள்.

கண்மாய்க் கரையில் இருளப்பனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், வெயிலுக்குக் குடை பிடிக்க ஆளும் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு வசவும் தன்னைத் தேடி வந்து, விலாசம் மாறி, அக்கா மேல் விழுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளே யாரோ கதறினார்கள். கோட்டைச்சாமி தீப்பெட்டியை எடுத்தார். குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. வைக்கோலுக்குள் அக்காவின் முகம் அவர் பக்கமே பார்த்தபடி கிடந்தது. இருளப்பன் நாற்காலி கவிழ எழுந்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார். "அவ இல்ல! இதுக்கெல்லாம் காரணம் நான்தான்! நான்தான்!"

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சூத்திரம் எதுவும் இல்லாமல் ஓர் உண்மையைச் சொன்னார், அந்த வாய் மூடுமுன் அவர் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது கோட்டைச்சாமியின் கையில் விழுந்து குச்சியை அணைத்தது. மேற்கிலிருந்து ஒரு இரைச்சல் தென்னந்தோப்பைத் தாண்டி, பனங்காட்டைத் தாண்டி, கண்மாயைத் தாண்டி வந்து, சோவென்று எல்லார் தலையிலும் கொட்டியது. பிரசிடெண்ட் முத்திருளாண்டிதான் முதலில் சுதாரித்தார்.

"கேட்டீங்களாய்யா! அய்யா வாயாலயே சொல்லிட்டாரு! காரணம் அய்யாதான்! அய்யா வந்த நேரம்யா இது!"

"அய்யாதான் காரணம்!" என்றது ஊர். அதுவரை சாவுக்கு அடித்த கொட்டு அடி மாறிக் கொண்டாட்டத்துக்குத் தாவியது. ஆட்கள் ஓடிவந்து டாக்டர் இருளப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கருப்பாயி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தோள் உயரத்திலிருந்து பார்த்தார். கீழே ஆட்டத்தில் கலயம் உடைந்து, சுண்ணாம்பு கரைந்து, ஒடுங்கின கன்னத்தையும் காதையும் ஊர்க் கால்கள் மிதித்து மிதித்துச் சேறாக்கிக்கொண்டிருந்தன. அதற்குக் கொஞ்சம் தள்ளி, யாரும் கிட்டச் சேர்க்காமல் விலக்கப்பட்டவளாக, விரிந்த தலையோடு சீனியம்மாள் மழைக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். மழைச் சத்தம் ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை, பக்கத்திலிருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். டாக்டர் இருளப்பன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குவித்து, ஊரைப் பார்த்துக் கும்பிட்டார்.